பாலிப் ஹிஸ்டரி கோடிங்: ஆடிட்டில் திரும்பத் திரும்பச் சிக்கும் தவறுகள்

மெடிக்கல் கோடிங் என்றால் டாக்டரின் ரிப்போர்ட்டைப் படித்து இன்ஷூரன்ஸ் கிளெய்முக்குக் கோட் போடும் வேலை. அதில் ஜிஐ (ஜீரண மண்டலம்) டீமுக்குப் புதிதாக வருபவர்களின் சார்ட்டுகளை ஆடிட் செய்யும்போது, யார் எங்கே சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாங்களெல்லாம் சறுக்கிய அதே இடங்கள்தான். இலக்கம் விட்டுப்போவது, தேதி மாறுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை சாஃப்ட்வேரே பிடித்துவிடும். அது பிடிக்காதவை மட்டும் கீழே. எல்லாமே அமெரிக்க சார்ட், ஐசிடி-10-சிஎம் (அங்கே நோய்களுக்கான கோட் பட்டியல்). பாலிப் என்றால் குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி; பாலிப் ஹிஸ்டரி என்றால் அது முன்பு இருந்தது என்பது.

எடுத்துப்போட்ட பாலிப்பை இருப்பதாக எழுதுவது

ஒரு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ்) நோயாளியின் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட், அதாவது பெருங்குடலை ஸ்கோப் விட்டுப் பார்த்த அறிக்கை. இன்டிகேஷன் (ஏன் செய்கிறோம்): ‘எச்/ஓ கோலன் பாலிப்ஸ்’ (எச்/ஓ என்றால் ஹிஸ்டரி ஆஃப்). ஃபைண்டிங்ஸ்: ஸ்கோப் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை போனது, மியூகோஸா (உட்சுவர்) நார்மல். கடைசியில் இம்ப்ரெஷன் (டாக்டரின் முடிவு): ‘கோலன் பாலிப்ஸ், 5 வருடத்தில் ரிப்பீட்’. நம் பையன் நேராகக் கடைசி வரிக்குப் போய், கே63.5 (இப்போது பாலிப் இருக்கிறது) எடுத்து, 45378-உடன் (டயக்னாஸ்டிக் கொலோனோஸ்கோபி) சேர்த்து அனுப்பிவிட்டான்.

கேட்டால், “மேம், டாக்டரே இம்ப்ரெஷன்ல பாலிப்னு போட்டிருக்காரே?” என்கிறான். போட்டிருக்கிறார்தான். ஆனால் ஃபைண்டிங்ஸில் இல்லாத பாலிப் இம்ப்ரெஷனில் எப்படி முளைத்தது? ஸ்னேர் (பாலிப்பை அறுத்தெடுக்கும் கம்பிச் சுருக்கு) இல்லை, பயாப்ஸி இல்லை, லேபுக்கு ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. டெம்ப்ளேட் இன்டிகேஷனைக் கீழே இழுத்து வரும்போது ‘எச்/ஓ’ வழியில் உதிர்ந்திருக்கும். இப்படி ரிப்போர்ட்டின் இரண்டு பகுதிகள் முரண்பட்டால் டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்டு எழுத்தில் கேள்வி) அனுப்ப வேண்டும். பிடித்த வரியைத் தேர்ந்தெடுப்பது கோடிங் இல்லை.

இதன் விலையைப் பாருங்கள். அந்த நோயாளிக்கு முன்பு எடுத்தது அடினோமா (கேன்சராக மாறக்கூடிய பாலிப் வகை), கடைசி ஸ்கோப் முடிந்து 24 மாதம் தாண்டிவிட்டது என்றால் இது ஹை ரிஸ்க் ஸ்கிரீனிங்: ஜி0105 (மெடிகேரின் ஹை ரிஸ்க் ஸ்கிரீனிங் கோட்), கூடவே இசட்86.0101 (அடினோமா ஹிஸ்டரி). எதுவும் எடுக்காதவரை அவர் கையிலிருந்து ஒரு டாலர் போகாது. கே63.5-உடன் 45378 போனால் அது டயக்னாஸ்டிக். பார்ட் பி (மெடிகேரின் டாக்டர், அவுட்பேஷன்ட் செலவுப் பகுதி) டிடக்டிபிளும் (முதலில் நோயாளி கட்டும் தொகை) 20 சதவீத கோஇன்ஷூரன்ஸும் (மீதியில் அவர் பங்கு) அவர் தலையில் விழும். பில்லைப் பார்த்துவிட்டு அவர் கிளினிக்கைக் கூப்பிடுவார், கிளினிக் நம்மைக் கூப்பிடும், கிளெய்மைத் திருத்தி அனுப்ப வேண்டும். போதாக்குறைக்கு, அவருக்கு இல்லாத ஒரு நோய் கிளெய்ம் பதிவில் ஏறியிருக்கும். ஒன்றரைப் பக்க ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? புரொடக்‌ஷன் டார்கெட் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாலிப்பை எடுத்தாயிற்று, அதற்கு இப்போது சிகிச்சை எதுவும் இல்லை என்றால் அது ஹிஸ்டரி. இன்று ஸ்கோப்பில் புதிதாக ஒன்று கிடைத்தால் அதற்குத் தனி கோட்: பேத்தாலஜியில் அடினோமா என்று வந்தால் இடத்தைப் பார்த்து டி12 வரிசை. ஹிஸ்டரி கோடும் கூடவே நிற்கும். ஸ்கிரீனிங்காக வந்தவருக்குப் பாலிப் கிடைத்தாலும் இசட்12.11தான் (பெருங்குடல் கேன்சர் ஸ்கிரீனிங்) முதலில், மெடிகேருக்கு 45385 (ஸ்னேரால் பாலிப் எடுத்தல்) மாதிரியான கோடில் பிடி மாடிஃபையரை (ஸ்கிரீனிங்காகத் தொடங்கியது என்று காட்டும் ஒட்டு) மறக்காதீர்கள். அது இருந்தால் டிடக்டிபிள் கிடையாது, கோஇன்ஷூரன்ஸும் 2026 வரை 15 சதவீதம்தான். 2027 முதல் 10, 2030-இல் பூஜ்யம்.

எதற்கெடுத்தாலும் ‘அன்ஸ்பெசிஃபைட்’

2024 அக்டோபர் 1 முதல் இசட்86.010 நான்காகப் பிரிந்துவிட்டது. அடினோமாவும் செரேட்டட் வகையும் 0101, ஹைப்பர்பிளாஸ்டிக் 0102, மற்றவை 0109, வகை தெரியாவிட்டால் 0100. பழக்கதோஷத்தில் எல்லாரும் 0100-ஐயே அமுக்குகிறார்கள். மெடிகேர் ஹை ரிஸ்க் விதியில் பெயர் சொல்லி இருப்பது அடினோமா ஹிஸ்டரி. வகை சொல்லாத கோடை வைத்துக்கொண்டு ஜி0105-க்கு வாதாடுவது சிரமம்.

அதற்காகப் பழைய பேத்தாலஜியை நீங்களே தோண்டி எடுத்து வகை எழுதவும் கூடாது. இந்த விசிட்டின் நோட்டில் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்லியிருப்பார்: எச் அண்ட் பி-யில் (நோயாளியின் வரலாறும் உடல் பரிசோதனையும் எழுதும் நோட்) மருந்துப் பட்டியலுக்கு மேலே, ‘2021, டியூபுலர் அடினோமா’ என்று ஒரு வரி. ஆப்-ரிப்போர்ட்டை (ஸ்கோப் செய்த ரிப்போர்ட்) மட்டும் திறந்து மூடுபவர்கள் கண்ணில் அது படவே படாது.

அப்பாவின் பாலிப்

அது குடும்ப ஹிஸ்டரி, இசட்83.71 வரிசை. மகனுக்கு இசட்86 போடாதீர்கள்.

பாலிப்பில் கேன்சர் இருந்திருந்தால்

சிகிச்சை முடிந்துவிட்டது என்றால் இசட்85.038 (பெருங்குடல் கேன்சர் ஹிஸ்டரி). அந்தக் கேன்சருக்கு மேலே சொன்ன பாலிப் ஹிஸ்டரி கோடுகள் பொருந்தாது.

இசட்09-ஆ, இசட்12.11-ஆ?

சர்வைலன்ஸ் கொலோனோஸ்கோபியும் (முன்பு பாலிப் இருந்தவரை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது) ஸ்கிரீனிங்தான் என்று கோடிங் கிளினிக் (கோடிங் விளக்கங்கள் தரும் அதிகாரபூர்வ இதழ்) 2018-இலேயே சொல்லிவிட்டது. அப்படியும் இசட்09-ஐ (சிகிச்சை முடிந்தபின் ஃபாலோ-அப்) முதலில் கேட்கும் பேயர்கள் (பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ்காரர்கள்) இருக்கிறார்கள். டீம் சாட்டில் இதை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. கிளையண்ட் கைடுலைனைத் திறந்து பாருங்கள். அதில் இல்லையென்றால் கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள். டிஎல் (டீம் லீட்) வாயால் சொன்னதை ஆடிட்டில் காட்ட முடியாது.