செங்கல் சுவர் சொன்ன பொய்: மிக அகல லென்ஸின் கூர்மையைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக லென்ஸ் வாங்கியவரின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஒரு செங்கல் சுவரின் முன்னால்தான் கழியும். நானும் அப்படி நின்றவன்தான். கையில் 24 மெகாபிக்சல் லைக்கா எம், அதாவது இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ‘ரேஞ்ச்ஃபைண்டர்’ வகைக் கேமரா. அதில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற 15 மி.மீ. ஃபோக்ட்லேண்டர் ஹீலியார் லென்ஸ். ஜப்பானின் கொசினா நிறுவனம் 1999இல் கொண்டுவந்த முதல் பதிப்பு அது. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அன்று மாலைக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்: நடுவில் சுமார், ஓரங்கள் மோசம். மூன்று மாதம் அலமாரியில் கிடந்த பிறகுதான், சோதிக்கப்பட்டது லென்ஸ் அல்ல, லென்ஸைக் கேமராவோடு பொருத்தும் ஓர் அடாப்டர் வளையமும் என் அவசரமும்தான் என்று புரிந்தது.

செங்கல் சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முக்காலியை நிமிர்த்தி, நீர்மட்டம் பார்த்து, சுவருக்கு நேராகக் கேமராவை நிறுத்த அரை மணி நேரம் செலவழித்தேன். லென்ஸின் பின்பக்கத்தைப் பற்றி அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. மிக அகல லென்ஸ்களைச் சோதிக்கும் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். இந்த லென்ஸ்கள் தமக்கு முன்னால் நடக்கும் பிழைகளைத் தாராளமாக மன்னிக்கும். பின்னால் நடப்பதில் ஒரு மயிரிழையைக்கூட மன்னிக்காது.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 15 மி.மீ. லென்ஸை 70 செ.மீ. தொலைவில் சுவருக்கு எதிரே வைத்தால் சட்டத்துக்குள் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம் விழும். கேமரா 2 டிகிரி கோணலாக நிற்கிறது என்று வையுங்கள். சட்டத்தின் ஒரு ஓரத்தில் சுவர் 3 செ.மீ. கிட்டே வரும், மறு ஓரத்தில் 3 செ.மீ. தள்ளிப்போகும். பார்வைக்குப் பெரிய பிழை. ஆனால் லென்ஸுக்குள் நுழைந்து சென்சாரை எட்டும்போது அது 0.014 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. எஃப் 4.5 துளையில் (இந்த லென்ஸின் முழுத் திறப்பு; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) அதனால் உண்டாகும் மங்கல் வட்டம் 3 மைக்ரான், அதாவது 0.003 மி.மீ. என் கேமராவின் ஒரு பிக்சல் 6 மைக்ரான். அரை மணி நேரம் பாடுபட்டு நான் காப்பாற்றியது அரை பிக்சல்.

இப்போது பின்பக்கம். அந்த முதல் ஹீலியார் 39 மி.மீ. திருகு மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் இடம்) வந்தது. அதை எம் மவுண்டில் பொருத்த 1 மி.மீ. தடிமனுள்ள வளையம் வேண்டும். திருகு மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ., எம் மவுண்டிலிருந்து 27.8 மி.மீ.; வித்தியாசத்தை அந்த வளையம் நிரப்புகிறது. வளையம் 0.05 மி.மீ. தடித்துப்போனால் என்ன ஆகும்? ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை அது. ஆனால் லென்ஸை முடிவிலிக் குறியில், அதாவது வெகு தொலைவுக்கான குறியில், வைத்தாலும் அது உண்மையில் பார்ப்பது நாலரை மீட்டரைத்தான். 50 மி.மீ. லென்ஸ் என்றால் அதே பிழைக்கு 50 மீட்டர். தொலைவிலுள்ள மரம் எஃப் 4.5இல் ஏறத்தாழ இரண்டு பிக்சல் அளவுக்கு மங்கும். அகல லென்ஸில் மரத்தின் இலையே இரண்டு பிக்சல்தான்! வளையம் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் இன்னும் வேடிக்கை. படத்தின் இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் கஞ்சியாகவும் வரும். லென்ஸின் கண்ணாடி நகர்ந்துவிட்டது என்று பழுதுபார்ப்பவரிடம் ஓடுவோம்.

வளையத்தின் குறையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. துளையை முழுவதும் திறந்து, வெகு தொலைவிலுள்ள கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ முடிவிலிக் குறியில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தை நூலிழை நூலிழையாகக் கிட்டப் பக்கம் திருப்பி இன்னும் நாலைந்து படங்கள். குறிக்குச் சற்று முன்னால் படம் தெளிந்தால் அடாப்டர் வளையம் மெலிந்தது. அதோடு வாழ்ந்துவிடலாம், கொஞ்சம் பின்வாங்கி ஃபோகஸ் செய்தால் போதும். முடிவிலி முட்டும் இடத்தில்தான் எல்லாவற்றிலும் நல்ல படம், ஆனால் அதுவும் தெளிவில்லை என்றால் வளையம் தடித்தது என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய 1 மீட்டர் குறியில் வைத்து, தரையில் அளவுநாடாவை நீட்டிப் படம் எடுங்கள். கூர்மை 80, 85 செ.மீ. பக்கம் விழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். என் வளையம் விலை மலிவானது, பெயர் தெரியாத பட்டறையில் கடைந்தது. பெயர் தெரிந்த வளையங்களையும் நான் இப்போது அளக்காமல் நம்புவதில்லை.

ரேஞ்ச்ஃபைண்டருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. வியூஃபைண்டரின் நடுவே இருக்கும் சிறு கட்டத்தில் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்வது நம் கைப்பழக்கம். 1999இன் ஹீலியாருக்கும் அதைத் தொடர்ந்து வந்த 12 மி.மீ. லென்ஸின் முதல் பதிப்புக்கும் லென்ஸின் திருகலை அந்தக் கட்டத்துக்குக் கடத்தும் இணைப்பே கிடையாது. லென்ஸை எவ்வளவு திருகினாலும் கட்டத்தில் பிம்பம் அசையாது. ஸைஸ் நிறுவனத்தின் எம் மவுண்ட் 15 மி.மீ. டிஸ்டகானும் அப்படியே. தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டு அளவுகோலில் வைக்க வேண்டும். பின்னர் எம் மவுண்டிலேயே வந்த ஹீலியாரில் இணைப்பு உண்டு. ஆனால் அது 70 செ.மீ. வரைதான், லென்ஸ் 50 செ.மீ. வரை இறங்கும். அந்த இடைவெளியில் பிம்பங்கள் ஒன்றியிருப்பதாகத் தோன்றினாலும் அதற்குப் பொருள் இல்லை.

சோதனை அட்டை வாங்குபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். ஏ1 அளவுள்ள அட்டை 84 செ.மீ. அகலம். அது 15 மி.மீ. லென்ஸின் சட்டத்தை நிரப்ப 35 செ.மீ. கிட்டே போக வேண்டும். புதிய பதிப்பு அவ்வளவு கிட்டே ஃபோகஸே செய்யாது. பழையது செய்யும். ஆனால் தொலைவுக் காட்சிக்காகச் செதுக்கிய லென்ஸை அப்படி மூக்கை முட்டவைத்துச் சோதித்து, அதை வைத்து மலைக்காட்சியின் ஓரங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது மாட்டுச் சந்தையில் குதிரைக்குப் பல் பார்ப்பதுபோல. ஓரங்களின் நடத்தை தொலைவுக்குத் தொலைவு மாறும்.

அடுத்தது, எங்கிருந்து எங்கே வரை கூர்மை என்று காட்ட லென்ஸின் உடலில் பொறித்திருக்கும் ஆழ அளவுகோலை வேதமாகக் கொள்வது. எஃப் 8இல் 15 மி.மீ. லென்ஸை ஏறத்தாழ 1 மீட்டரில் வைத்தால் அரை மீட்டர் முதல் முடிவிலி வரை கூர்மை என்று அந்தக் கோடுகள் சொல்லும். அவை பொய் சொல்லவில்லை, 0.03 மி.மீ. மங்கலைக் கூர்மை என்று கணக்கில் கொண்டவை, அவ்வளவுதான். சிறு அச்சுப் படத்துக்கு அது போதும். 24 மெகாபிக்சல் கோப்பைத் திரையில் முழு அளவில் விரிப்பவருக்கு 0.03 மி.மீ. என்பது 5 பிக்சல். ஒரு பிக்சல் கூர்மை வேண்டுமென்றால் அதே எஃப் 8இல் ஃபோகஸ் 5 மீட்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தெருவில் படம் எடுக்க அந்தக் கோடுகள் வரம். சோதனைக்கு உதவாது.

ஓரங்கள் என்ற பெரிய வழக்கு

மிக அகல லென்ஸின் மேல் வரும் குற்றச்சாட்டுகளில் முக்கால்வாசி மூலைகளைப் பற்றியவை. அவற்றில் பாதிக்கு லென்ஸ் பொறுப்பில்லை.

முதலில் சென்சாரின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் ஃபிலிமுக்காகச் செய்தவை; பின் கண்ணாடி ஃபிலிமை உரசுகிற அளவுக்கு உள்ளே நுழையும். ஆகவே மூலைகளுக்கு ஒளி மிகவும் சாய்ந்து வரும். சாய்ந்த ஒளி தடித்த கண்ணாடியில் புகுந்தால் திசை பிசகிக் குவியாமல் பரவும். 2009இல் வந்த லைக்கா எம்9இல் இந்தக் கண்ணாடியின் தடிமன் 0.8 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார் கொண்ட மிரர்லெஸ் (உள்ளே துள்ளும் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் பல ஏறத்தாழ 2 மி.மீ. கொண்டவை. அடாப்டர் போட்டு அப்படியொரு கேமராவில் மாட்டி, மூலைகள் குழைகின்றன என்று சொன்னால், அது அந்தக் கேமராவும் அந்த லென்ஸும் சேர்ந்த ஜோடிக்கு மட்டுமே பொருந்தும் தீர்ப்பு. இதன் மறுபக்கமும் உண்டு. 2006இன் லைக்கா எம்8இல் சென்சார் சிறியது, 15 மி.மீ. அங்கே 20 மி.மீ. போலப் பார்க்கும், மூலைகள் வெட்டுப்பட்டுப் போய்விடும். அங்கே எடுத்த படத்தைக் காட்டி ‘ஓரம்வரை கத்தி’ என்று புகழ்பவரை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, இருளையும் நிறத்தையும் மங்கல் என்று எண்ணிவிடுவது. 15 மி.மீ. லென்ஸின் மூலை நடுவிலிருந்து 55 டிகிரி தள்ளி இருக்கிறது. எளிய சமச்சீர் வடிவமைப்பில் அங்கே சேரும் ஒளி நடுவில் விழுவதில் பத்தில் ஒரு பங்குதான். ஸைஸின் ஹோலோகான் 15 மி.மீ. லென்ஸ் நடுவில் கருத்த வடிகட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தது இதைச் சரிக்கட்டத்தான். இன்று கணினியில் மூலையை மூன்று நிறுத்தம், அதாவது எட்டு மடங்கு, வெளிச்சமாகத் தூக்கிவிடுகிறோம். கூடவே இரைச்சலும் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) எழுகிறது, நுண்விவரம் அதில் கரைகிறது. எம்9 போன்றவற்றில் ஓரம் சிவந்து போவதும் சாய்ந்த ஒளியின் வேலைதான். கேமராவில் லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு திருத்திக்கொள்ளும். ஆனால் ஒரு லென்ஸைத் திருத்தத்தோடும் இன்னொன்றைத் திருத்தமில்லாமலும் எடுத்து ஒப்பிடும் அநியாயம் நிறைய நடக்கிறது.

மூன்றாவது, நீட்சி. நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும் அகல லென்ஸ் மூலையில் நிற்கும் பந்தை முட்டையாக்கித்தான் தீரும். 15 மி.மீ. லென்ஸின் கோடி மூலையில் ஒரு பொருள் ஆரத்திசையில் மூன்று மடங்கு இழுபடும். அங்கே நின்ற உறவினரின் முகம் பூசணிக்காயானதற்கு லென்ஸின் கூர்மைக்குறைவு காரணமல்ல.

எனவே மூலைகளை எப்படித்தான் சோதிப்பது? ஒரே பொருளை ஐந்து இடத்தில் வையுங்கள். தொலைவிலுள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைச் சட்டத்தின் நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு என்று படம் எடுங்கள், ஃபோகஸைத் தொடாதீர்கள். முழுத் திறப்பிலும் எஃப் 8இலும் தனித்தனியாக. நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது வடிவமைப்பு அல்லது சென்சார் கண்ணாடி. ஒன்று மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, படத்தின் அதே மூலையில் கட்டடம் விழும்படி மறுபடி எடுங்கள். அப்போதும் அந்த மூலையே மங்கினால் லென்ஸிலோ வளையத்திலோ மவுண்டிலோ கோணல். வளையத்தை மாற்றிப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். கட்டடத்தை மூலையில் வைக்கும்போது வியூஃபைண்டரை நம்பாதீர்கள். கேமராவுக்குள் அவ்வளவு அகலம் காட்டும் ஜன்னல் இல்லை. மேலே செருகும் தனி ஃபைண்டர் உத்தேசம்தான். எடுத்து, திரையில் பார்த்து, நகர்த்தி, மறுபடி எடுக்க வேண்டும்.

மற்றவை சில்லறை. நண்பகலில் மொட்டைமாடியிலிருந்து தொலைக் கட்டடத்தைச் சோதித்தால் கானல் அலையைத்தான் அளப்பீர்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். எஃப் 16இல் சோதிக்காதீர்கள். அங்கே ஒளியின் அலைத்தன்மையே 21 மைக்ரான் அகலப் புள்ளியை வரைந்துவிடும், எந்த லென்ஸும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் துள்ளும் கண்ணாடி இல்லை, ஆகவே கையிலேயே எடுக்கலாம் என்பதும் சோதனைக்குச் செல்லாது. முக்காலி, டைமர் இரண்டும் வேண்டும். கணினியில் கூர்மையூட்டலை எல்லாப் படத்துக்கும் ஒரே அளவில் வையுங்கள் அல்லது முழுக்க அணைத்துவிடுங்கள்.

வளையத்தை மாற்றியபின் என் ஹீலியாரின் நடுப்பகுதி எஃப் 5.6இல் குறை சொல்ல இடமில்லாமல் வருகிறது. மேல் வலது மூலை மட்டும் தலைகீழாகத் திருப்பியும், வளையம் மாற்றியும் கொஞ்சம் சொதசொதவென்றே இருக்கிறது. அந்த மூலையில் வானத்தை வைத்து எடுத்துக்கொள்கிறேன்.