நாரி நோவும் ஸ்கேன் ரிப்போர்ட்டும்: நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிற என் சித்திக்கு நெடுநாளாக நாரி நோ. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து அவர் குனிந்து செருப்புக்கூடப் போடுவதில்லை. "டிஸ்க் தள்ளிப்போச்சாம் பிள்ளை. இனி ஒண்டும் தூக்கேலாது." முதல்நாள் வரை தேங்காயும் மீனும் பையில் சுமந்து அதே படிகளை ஏறியவர். ஒரு இரவில் அவருடைய நாரிக்கு என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடக்கவில்லை. பயம்தான் வந்து குந்திக்கொண்டது.

நோகிற அளவுக்கு உள்ளே பழுது இருக்கும் என்று நம்புவதுதான் நாம் விடுகிற பெரிய பிழை. முதுகு நோவே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரரில் 37 வீதத்தினருக்கும் 80 வயதுக்காரரில் 96 வீதத்தினருக்கும் டிஸ்க், அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிற மெத்தை, தேய்ந்திருந்தது. தலைமயிர் நரைப்பது போலத்தான் பெரும்பாலும்.

தோலிலும் தசையிலும் ஆபத்தை உணர்கிற நரம்பு முனைகள் "இங்கே ஆபத்து" என்ற சேதியை மட்டும்தான் அனுப்புகின்றன. அதை நோவாக்குவதா, எவ்வளவு நோவாக்குவது என்று மூளை தீர்மானிக்கிறது. வழியில் முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலை இருக்கிறது என்று 1965இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். விழுந்த பிள்ளையின் முழங்காலை அம்மா தடவிவிட்டால் ஏன் அழுகை குறைகிறது? தடவும் உணர்வு அந்தப் படலையைக் கொஞ்சம் சாத்துகிறது. பயமும் நித்திரையின்மையும் கவலையும் அதை அகலத் திறக்கின்றன.

இதைக் கேட்டவுடன் அடுத்த பிழை வரும்: "அப்ப எல்லாம் மனப்பிரமைதானே?" சித்தியிடம் ஒரு டொக்டரே அப்படிச் சொல்லி அனுப்பினார், அன்று வீட்டுக்கு வந்து அவர் அழுததை நான் மறக்கமாட்டேன். மிதிவெடியில் காலை இழந்தவர்களைக் கேளுங்கள். இல்லாத பாதம் எரியும், இல்லாத பெருவிரல் நோகும். அது நடிப்பா? சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணம் நோவை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்கிறது. நோகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோ. ஒருதரம் கள்ளனைக் கண்ட நாய் பிறகு பேப்பர் போட வருகிறவனைப் பார்த்தும் குலைக்குமே, நரம்புத் தொகுதியும் அப்படிப் பழகிவிடும். அப்போது படுத்தே கிடப்பது பிழை. தசை மெலியும், பயம் கூடும். நோ குறைந்த ஒரு நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு மூன்று நாள் எழும்பாமல் கிடப்பதும் பிழை. இன்று ஐந்து நிமிட நடை என்றால், சில நாள் கழித்து ஏழு நிமிடம். நாய்க்கு ஆளைப் பழக்குவது போல.

குளிசை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பனடோலோடு தடிமல் குளிசையும் போடுகிறவர்கள் பலர்; இரண்டிலும் பரசிட்டமோல் இருக்கலாம். வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 8தான் உச்சம். ஈரல் வருத்தம் உள்ளவருக்கு அந்த அளவே அதிகமாகிவிடலாம். டைக்ளோஃபெனக் என்ற நோக் குளிசையைப் பாமசியில் கேட்டுக் கேட்டு வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பழுதாகலாம்.

எல்லா நோவையும் பொறுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. நாரி நோவோடு சிறுநீர் போகாமலோ கட்டுப்படாமலோ இருந்தால், குந்துகிற இடம் மரத்தால், கால் பலமிழந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தாலும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு நோவும் வியர்வையும் என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

சித்தி முதல் கிழமை ஒரு மாடி இறங்கி ஏறினார். பிறகு இரண்டு. போன வெள்ளி மயூரபதி அம்மன் கோயில் வரை தனியே நடந்து போயிருக்கிறார்.

"நொந்ததோ சித்தி?"

"நொந்ததுதான். வாற வழியில ஒரு தேங்காயும் வாங்கினனான்."