இலவச இன்சுலேஷன் என்று கதவு தட்டினால்: கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

மாமியின் வீடு லண்டனின் வடமேற்குப் பக்கம், 1930களில் கட்டிய ஒரு செமி, அதாவது ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. ஒருநாள் மத்தியானம் கதவைத் தட்டிய பெடியன் தமிழில் கதைத்திருக்கிறான். "அன்ரி, அரசாங்கத் திட்டம். உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. வெளிச்சுவர் முழுக்கப் போர்த்து விடுவம், குளிரே தெரியாது." மாமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. அவன் நீட்டிய ஐபாடில் விரலால் கையெழுத்தும் போட்டா. அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு கேட்டேன். "சின்ன எழுத்து தம்பி. அவன் எங்கட பெடியன்தானே."

இரண்டு குளிர்காலம் போன பிறகு பின்னறை யன்னலுக்குக் கீழே சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. அது எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தப் பெடியன் எடுத்தவுடன் ஏமாற்ற வந்தான் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுச் சூடு வெளியே போகாமல் சுவரையும் கூரையையும் போர்த்துகிற இந்த இலவச இன்சுலேஷன் வேலைகள் நடக்கும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அது விளங்கினால் மற்றப் படிகள் தானாக விளங்கும்.

முதற்படி: காசு யாருடையது என்று கேளுங்கள்

பிரிட்டனில் வீட்டு இன்சுலேஷனுக்கான இலவச வேலைகளில் பெரும்பகுதி 2013 முதல் 'ஈக்கோ' என்ற பெயரில் நடந்துவந்தது. 2022இல் அதன் நான்காம் கட்டம், 'ஈக்கோ 4', தொடங்கியது. 2023இல் 'கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம்' சேர்ந்துகொண்டது. இரண்டிலும் காசு அரசாங்கக் கஜானாவிலிருந்து நேரே வரவில்லை. பெரிய காஸ், மின்சாரக் கொம்பனிகள் வீடுகளில் இத்தனை எரிபொருள் சேமிப்பைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னது. அவர்கள் காசு கொடுத்து வேலையைச் செய்வித்தார்கள். அந்தச் செலவு பிறகு எல்லோருடைய பில்லிலும் ஏறியது. காஸ், மின்சாரச் சந்தையைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் அதை நிர்வகித்தது.

ஆக, உங்கள் வீட்டுச் சுவரில் ஏறி நிற்கிற ஆளுக்கு வாடிக்கையாளர் நீங்கள் இல்லை. கணக்கில் எவ்வளவு சேமிப்பு காட்டப்படுகிறதோ அதற்கே அவருக்குக் காசு. வீடு உண்மையில் சூடாகிறதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. காசு கொடுத்து ஒரு மேசனைப் பிடித்தால் கடைசி ஆயிரம் பவுண்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த மூலையைச் சரிசெய்துவிட்டு வாங்கிக்கொள் அண்ணை" என்று சொல்லலாம். இலவச வேலையில் அந்தப் பிடி இல்லை. உங்களிடம் இருக்கிற ஒரே பிடி கையெழுத்து.

இது என் சந்தேகப்புத்தி மட்டுமில்லை. 2025 அக்டோபரில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த இரண்டு திட்டங்களிலும் வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தவேண்டிய குறை இருக்கிறது என்றது. உட்சுவரில் செய்த வீடுகளில் அது 29 விழுக்காடு. வெளிச்சுவர் செய்த வீடுகளில் 6 விழுக்காட்டில் உடனடி ஆபத்து. சில கொம்பனிகள் பொய்க்கணக்குக் காட்டிக் காசு எடுத்திருக்கலாம் என்றும், அப்படிப்பட்ட வீடுகள் 5,600 முதல் 16,500 வரை இருக்கலாம் என்றும் ஒஃப்ஜெமின் மதிப்பீடு சொல்கிறது.

இரண்டாம் படி: உங்கள் சுவரை நீங்களே படியுங்கள்

ஒரு அளவுநாடா போதும். வெளியே போய்ச் செங்கலைப் பாருங்கள். எல்லாக் கல்லும் நீளப் பக்கத்தைக் காட்டினால் பெரும்பாலும் அது நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று மாறி மாறி வந்தால் இடைவெளியில்லாத ஒற்றைச் சுவர். 1920க்கு முந்திய ரெறஸ் வீடுகள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டியவை, அநேகம் அப்படித்தான். மேலே பூச்சு இருந்தால் வாசல் நிலையருகே தடிப்பை அளவுங்கள். 26 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் இரட்டைச் சுவராக இருக்கச் சாத்தியம் கூட. 1930களின் வீடுகளில் கீழ்த்தளம் ஒரு மாதிரி, மேல்தளம் இன்னொரு மாதிரி என்றும் இருக்கும். அவசரப்பட வேண்டாம்.

பிறகு அரசாங்க இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டு வீட்டின் ஈ.பி.சி. சான்றிதழை, அதாவது வீடு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று தரம்போடும் தாளை, எடுங்கள். அது பத்து வருடம் செல்லுபடியாகும். அதில் சுவரைப் பற்றி 'ஊகிக்கப்பட்டது' என்று போட்டிருந்தால், வந்தவர் பார்த்து எழுதவில்லை, வீட்டின் வயதை வைத்துக் குத்துமதிப்பாக எழுதினார் என்று அர்த்தம்.

வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஃப்ளாட் என்றால் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரின் அனுமதி. வீதியோரம் ஒட்டி நிற்கிற ரெறஸ் வீட்டில் வெளிச்சுவரைப் போர்த்தினால் சுவர் பத்து சென்ரிமீற்றர் அளவில் வெளியே வந்து கவுன்சிலின் நடைபாதைக்கு மேல் நிற்கும். பழமை பாதுகாக்கும் பகுதியில் இருந்தால் கட்டட மாற்றத்துக்கான கவுன்சிலின் அனுமதியும் தேவைப்படலாம். இதையெல்லாம் கதவைத் தட்டுகிறவர் தானாகச் சொல்லமாட்டார்.

மூன்றாம் படி: ஆளைச் சரிபாருங்கள்

அவர் தருகிற அட்டையை நம்பாமல், அவர் அனுப்புகிற லிங்கைத் தொடாமல், வீட்டுவேலைக் கொம்பனிகளுக்கு அரசாங்கம் அங்கீகரித்த பதிவேடான ட்ரஸ்ட்மார்க்கின் இணையத்தளத்துக்கு நீங்களே போய்க் கொம்பனிப் பெயரைத் தட்டுங்கள். அங்கே பெயர் இருந்தால் மட்டும் போதாது; அவர்கள் செய்யப்போகிற அந்த வேலைக்கே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கிற ஹீற் பம்ப், சோலார் என்றால் அவற்றுக்கான தரச்சான்றான எம்.சி.எஸ். பதிவு வேண்டும்.

பழைய வீட்டில் இப்படி மேம்பாடு செய்வதை ரெற்றோஃபிற் என்பார்கள். அடுத்து ஒரு கேள்வி: "என் வீட்டுக்கு ரெற்றோஃபிற் ஒருங்கிணைப்பாளர் யார்? அவரின் பெயரும் நம்பரும் தாங்கோ." 'பாஸ் 2035' என்ற தரவிதியின்படி அப்படி ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். பதில் வர நேரமெடுத்தால் காத்திருங்கள். வரவே இல்லையென்றால் வேலை வேண்டாம். வேலையைப் பிடிக்கிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர், அவரிடமிருந்து எடுத்துச் செய்கிறவர் மூன்றாமவர் என்று கைமாறிப் போவது சாதாரணம். கணக்காய்வு அறிக்கை சொன்ன காரணங்களிலும் இது ஒன்று.

நான்காம் படி: காற்று எங்கே போகும்?

இதை மட்டும் கொஞ்சம் நின்று வாசியுங்கள். வீட்டின் ஓட்டை ஒடிசல்களை அடைத்தால் குளிர் வராது, ஈரமும் போகாது. நாங்கள் சமைக்கிற முறையை யோசித்துப் பாருங்கள். காலையில் புட்டு அவிகிறது, பின்னேரம் இடியப்பம். சோறு வடிக்கிறோம், குளிர் என்று யன்னலைத் திறப்பதில்லை, உடுப்பை ரேடியேற்றரில் காயப்போடுகிறோம். அந்த நீராவி எல்லாம் வீட்டில் எது மிகக் குளிரான இடமோ அங்கே போய்த் தண்ணீராக ஒட்டும். இன்சுலேஷன் போட்ட சுவரில் போடாமல் விட்ட ஒரு துண்டு இருந்தால், அந்தத் துண்டில்தான் பூஞ்சணம்.

அதனால் அளக்க வருகிறவரிடம் மூன்று விசயம் பார்க்கச் சொல்லுங்கள். குசினியில் அடுப்புக்கு மேல் உள்ள ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறதா? கட்டட விதிகள் அடுப்போடு ஒட்டிய ஃபேனுக்குக் கேட்பது வினாடிக்கு 30 லீற்றர், குளியலறைக்கு 15. யன்னல் சட்டத்தின் மேலே சிறு காற்றுத்துளைகள் இருக்கின்றனவா? உட்கதவுகளுக்குக் கீழே பத்து மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறதா? புதுக் காப்பெற் போட்டதும் அது காணாமல் போய்விடும். "ஃபேன் எங்கட கணக்கில் இல்லை" என்று பதில் வந்தால் அந்த அளவை சரியில்லை. காற்றோட்டம் அவர்கள் கணக்கில் கட்டாயம் இருக்கவேண்டும்.

ஐந்தாம் படி: வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது

வெளிச்சுவர்: மாமியின் யன்னலுக்கு வருகிறேன். யன்னலுக்குக் கீழே மழைநீர் சுவரில் படாமல் சொட்டுவதற்காக 'சில்' என்ற விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் தடிக்கும்போது அந்தச் சில்லும் நீளவேண்டும். அங்கே நீட்டவில்லை. மேலே ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் பட்டையை ஒட்டிப் பசை தடவியிருந்தார்கள். ஒரு வருடத்தில் பசை பிளந்தது. நான் விரலால் தட்டிப் பார்த்தபோது அந்த இடம் மட்டும் வெறும் பெட்டி போலச் சத்தம் கேட்டது. மழை நேரே அதற்குள் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் உள்ளே ஊறியிருக்கிறது.

ஆகவே சில், கூரையோரம், மழைக்குழாய், டிஷ், வெளி விளக்கு என்று சுவரோடு எதுவெல்லாம் சேருகிறதோ அங்கேதான் உங்கள் கண் இருக்கவேண்டும். தட்டையான சுவரை யாரும் பிழையாகச் செய்வது குறைவு. பொயிலரின் புகைக்குழாய், சுவரின் அடியில் காற்றுப் போவதற்காகத் துளைவிட்ட கற்கள் மூடப்படக் கூடாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் படலத்துக்குக் கீழே போர்வை இறங்கக் கூடாது. பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013ஐ ஒட்டி 300க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாகச் சுவர் போர்த்தினார்கள். இதே மாதிரி இணைப்புகளில் மழை இறங்கி வீடுகள் நாறிப்போயின. அந்தச் சனம் வருடக்கணக்காகத் திருத்தத்துக்கு அலைந்தது.

இரட்டைச் சுவர்: துளையிட்டு உள்ளே நிரப்பும் வேலை. இடைவெளிக்குள் பழைய சாந்தும் கல்லும் விழுந்து கிடந்தால் அதன் வழியாக ஈரம் உள்ளே தாவும். முதலில் கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் மேற்குக் கடலோரப் பக்கம், மழை சாய்ந்து அடிக்கிற இடத்தில் இருப்பவர்கள் இரண்டு தரம் யோசியுங்கள்.

லொஃப்ட் (கூரைக்குக் கீழுள்ள பரண்): இது பிழைக்க வாய்ப்புக் குறைந்த வேலை என்று நம்பி என் வீட்டில் நானே ஏமாந்தேன். 270 மில்லிமீற்றர் கம்பளி, அரை நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். தை மாதம் ஒரு விடியற்காலை, தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க ஏறினேன். டோர்ச் அடித்தால் கூரைக்கு அடியில் தெரிந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் ஒரு துளி மினுங்கியது, நூற்றுக்கணக்கில். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கம்பளியைத் தாழ்வாரம்வரை இறுக்கித் திணித்துக் காற்று வரும் வழியை அடைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு கையளவு பின்னால் இழுத்துவிட்டதும் கொஞ்ச நாளில் காய்ந்துவிட்டது. அதோடு கம்பளிக்குள் புதைந்த மின்விளக்குகளையும் வயர்களையும் பாருங்கள், சூடேறும். கூரையின் உட்புறம் நுரை பீச்சுவதாகச் சொன்னால், இலவசமாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் மோட்கேஜை வங்கி மறுக்கலாம்.

ஹீற் பம்ப்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ஸ் மானியம். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்குப் பண்ணிய தாளைக் கேளுங்கள். மின்சாரத்தின் யூனிற் விலை காஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. அளவு பிழைத்தால் மானியம் பில்லில் கரைந்துவிடும்.

ஆறாம் படி: எப்போது கையெழுத்து

திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு அனுமதி எழுத்தில் வரும்வரை பழைய பொயிலரைக் கழற்ற விடாதீர்கள், முற்பணம் கொடுக்காதீர்கள். திட்டங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடும். 2020 செப்டெம்பரில் தொடங்கிய 'கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்' ஆறு லட்சம் வீடுகள் என்று சொல்லி, 2021 மார்ச்சில் மூடியது. சேரும் வீடுகள் 47,500 அளவில்தான் என்று கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது.

ஐபாடில் கையெழுத்துக் கேட்டால், "முதலில் ஈமெயிலில் அனுப்புங்கோ, பிள்ளை வாசித்துவிட்டுச் சொல்லும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. 'வேலை முடிந்தது' என்ற தாளில், சுற்றிவந்து ஒவ்வொரு யன்னலையும் படமெடுத்த பிறகே ஒப்பமிடுங்கள். குறை இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். வேலை தொடங்க முதல் எடுத்த படங்களும் வேண்டும். "அந்த வெடிப்பு முந்தியே இருந்தது" என்று ஒரு கதை வரும்.

ஏழாம் படி: பிறகு

உத்தரவாதத் தாள் தபாலில் வரவேண்டும். சுவர் வேலைகளுக்கு வழமையாக 25 வருடம். கொம்பனி மூடிப்போனாலும் செல்லும்படி காப்புறுதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கேளுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நம்பரை எடுக்க ஆள் இருக்காது.

பூஞ்சணம் கண்டால் உடனே பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள். திகதியோடு படமெடுத்துக் கொம்பனிக்கு எழுதுங்கள், பதிலில்லாவிட்டால் ட்ரஸ்ட்மார்க்குக்கு. மாமியின் சில் அப்படித்தான் திருத்தப்பட்டது, எட்டு மாதமும் பத்தொன்பது ஈமெயிலும் எடுத்தது. கதவு தட்டி, "வழக்குப் போட்டுக் காசு எடுத்துத் தாறம், தோற்றால் கட்டணமில்லை" என்பவர்களிடம் போகாதீர்கள். சுவர் இன்சுலேஷன் வழக்குகளை அள்ளி எடுத்த ஷெஃபீல்டுச் சட்ட நிறுவனம் ஒன்று 2024 ஜனவரியில் சரிந்தது. எதிர்த்தரப்பின் செலவைக் கட்டச் சொல்லிப் பில் போனது வீட்டுக்காரருக்கு.

போன கிழமையும் மாமி வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார். அரசாங்கம் பழைய இன்சுலேஷனைப் பரிசோதிக்கச் சொன்னதாம், உள்ளே வந்து ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டாராம். மாமி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பெயர், கொம்பனி, கடித இலக்கம் மூன்றையும் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறா. ட்ரஸ்ட்மார்க்கில் தேடினேன். அப்படியொரு கொம்பனி இல்லை.