தெர்மாமீட்டர் உடைஞ்சா மொதல்ல துடைப்பத்த எடுக்காதீங்க

காய்ச்சல் பாக்க எடுத்த தெர்மாமீட்டர் கை தவறி விழுந்துடுச்சு, உள்ள இருந்த பாதரசம் தரையெல்லாம் வெள்ளி முத்து மாதிரி உருண்டு ஓடுது, உடனே நம்ம கை துடைப்பத்துக்குத்தான் போகும். அதுதான் தப்பு. பெருக்கப் பெருக்க ஒரு உருண்டை நூறு பொடி உருண்டையா உடைஞ்சு டைல்ஸ் இடுக்குல போய் உக்காந்துக்கும், துடைப்பத்துலயும் ஒட்டும், அப்புறம் வீடு பூரா நீங்களே பரப்புன மாதிரி ஆயிடும். வேக்குவம் கிளீனர் இதவிட மோசம், சூடான காத்தோட ஆவியாக்கி வெளிய ஊதிடும்.

சின்னப் பசங்க, கர்ப்பமா இருக்கவங்க, நாய் பூனை எல்லாத்தையும் வெளிய அனுப்புங்க. ஃபேன், ஏசிய ஆஃப் பண்ணிட்டு தெருப்பக்கம் இருக்குற ஜன்னல தொறந்து, வீட்டுக்குள்ள போற கதவ சாத்திடுங்க. அப்புறம் மோதிரம், வளையல், செயின் எல்லாம் கழட்டி வைங்க, இத யாரும் சொல்ல மாட்டாங்க. பாதரசம் தங்கத்தோட ஒட்டி கலந்துடும், எங்க அத்தை ஸ்கூல் லேப்ல உள்ளங்கையில வச்சு உருட்டி விளையாடி மோதிரம் வெளுத்துப்போய் வீட்ல வாங்குன திட்டு இன்னும் எங்க குடும்பத்துல ஓடுது.

இப்ப கையுறை போட்டுக்கிட்டு, கண்ணாடித் துண்ட பொறுக்கி தனியா வைங்க. ரெண்டு பழைய விசிட்டிங் கார்டு எடுத்து உருண்டைகள மெதுவா ஒன்னோட ஒன்னு சேருங்க, தொட்டதும் தானா ஒட்டிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சுல உறிஞ்சி மூடி போட்ட பாட்டில்ல விடுங்க. லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச தரையோட தரையா சாய்ச்சு அடிச்சா மிச்சம் மீதி மின்னும், அத செல்லோடேப்ல ஒத்தி எடுங்க. கந்தகப் பொடி இருந்தா இடுக்குல தூவலாம், பாதரசம் அதோட சேந்து ஆவியாகாம நின்னுடும். ஒரு நாள் முழுக்க காத்தாட விடுங்க. பட்ட துணிய வாஷிங் மெஷின்ல போட்டுடாதீங்க, சிங்க்லயும் ஊத்தாதீங்க.

இவ்ளோ பில்டப்பு எதுக்குன்னு கேக்கலாம், உள்ள இருக்கறது அரை கிராம்ல இருந்து ஒன்றரை கிராம்தான். பிரச்சன ஆவிதான், நிறமும் இல்ல வாசனையும் இல்ல, மூச்சுல போனதுல 80 சதவீதம் கிட்ட ஒடம்புலயே தங்கிடும். நரம்பு, கிட்னி ரெண்டையும் பிடிக்கும், கை நடுக்கம், தூக்கமின்மைன்னு மெதுவா காட்டும். ஆனா புள்ள கடிச்சு முழுங்கிட்டான்னு அலற வேணாம், வயித்துல அது அனேகமா சேராம அப்படியே வெளிய வந்துடும், அங்க பயம் கண்ணாடித் துண்டுக்குத்தான், அதனால டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க.

ஜப்பான்ல மினமாட்டாங்கற ஊர்ல மீன் தின்னு ஜனங்க பாதிக்கப்பட்டது வேற ரூபம், மெத்தில் பாதரசம், அது வயித்து வழியாவே நல்லா ஏறிடும். சிஎஃப்எல் பல்புல சில மில்லிகிராம்தான் இருக்கு, உடைஞ்சா ஜன்னல தொறந்துட்டு பத்து நிமிஷம் வெளிய நின்னு, வந்து அட்டையால வாரிடுங்க. பழைய பிபி மெஷின்தான் பெரிய ஆளு, கிட்டத்தட்ட 100 கிராம் வரைக்கும் இருக்கும், அது உடைஞ்சா நீங்களா கை வைக்காதீங்க.

வாரினத குப்பைத்தொட்டில போடாதீங்க. உடைஞ்ச தெர்மாமீட்டர் வீட்டு அபாயக் கழிவுன்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க, பாட்டில்ல பாதரசம்னு எழுதி ஒட்டி, குப்பை வண்டிக்காரர்கிட்ட இது இன்னதுன்னு வாயால சொல்லி தனியா குடுங்க.