வீட்டுக் கல்வியின் முதல் ஆண்டு: தமிழைத் 'தானா வரும்' என்று விடாதீர்கள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் அழைப்புகள் வர ஆரம்பிக்கும். "அக்கா, இந்த வருஷம் பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பல. வீட்டுலயே பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். எங்க இருந்து ஆரம்பிக்கறது?" கோவையில் ஹோம்ஸ்கூலிங் செய்கிற சில குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூடுவோம். புதிதாக வருபவர்கள் அங்கே கேட்கும் கேள்விகளும், அடுத்த மார்ச்சில் சொல்லும் வருத்தங்களும் ஆண்டுதோறும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள்.

ஒன்பது மணிக்கு மேசை போட்டு வீட்டைப் பள்ளியாக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், பாடத்திட்டங்களை வாங்கிக் குவிக்காதீர்கள் என்பதையெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையை முதன்முதலாக வீட்டில் படிக்கவைப்பவர்கள் கவனிக்காமல் விடுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

டி.சி. வாங்காமல் வெளியேறுவது

பள்ளியோடு மனக்கசப்பாகி வெளியே வந்தவர்கள் பலர் மாற்றுச் சான்றிதழை வாங்குவதே இல்லை. "இனிமே அந்தப் பக்கமே போகப் போறதில்ல" என்பார்கள். போக வேண்டி வரலாம். வேலை மாறும், ஊர் மாறும், பிள்ளையே "நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்று சொல்லும்.

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக் கல்வியை அது வெளிப்படையாக அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் திரும்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் துணையாக நிற்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. சட்டம் இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அலுவலக மேசையில் நிற்கும்போது கையில் காகிதம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். டி.சி.யை வாங்குங்கள், பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக்கல்வித் துறையின் பதிவில் உள்ள மாணவர் அடையாள எண்) குறித்து வையுங்கள், இரண்டையும் ஆதாரோடு ஒரே கோப்பில் போடுங்கள்.

பத்தாம் வகுப்பை நினைத்து இப்போதே பதறுவது

வேண்டாம். பள்ளிக்குப் போகாமலே எழுதக்கூடிய எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயதும், என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயதும் ஆக வேண்டும்.

"வீட்டுல தமிழ்தானே பேசுறோம், தானா வந்துடும்"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. சொல்பவர்கள் மேல் அல்ல. இதனால் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துவிட்ட பிறகும் இதே வாக்கியம் ஒவ்வொரு ஜூனிலும் திரும்பி வருகிறதே, அதன் மேல்.

நடப்பது இதுதான். முதல் மாதம் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபோனிக்ஸ் தொகுப்பு, அதாவது எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிக்கக் கற்றுத்தரும் தொகுப்பு, வீட்டுக்கு வரும். எந்த நாளில் எந்தப் பக்கம், எந்த அட்டை, எந்தக் குட்டிப் புத்தகம் என்று எல்லாம் அதில் வகுத்து வைத்திருக்கும். கணக்குக்கும் அப்படி ஒன்று. தமிழுக்கு அப்படிப் பெட்டி எதுவும் வருவதில்லை. சுவரில் 247 எழுத்து அட்டை ஒன்று தொங்கும். "அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்" என்று அடுத்த மாதம் போகும், தீபாவளி போகும், பொங்கல் போகும். என் மகளின் முதல் ஆண்டும் இப்படித்தான் போனது.

தள்ளிப்போடுவதால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பார்கள். ஏழு வயதில் கெடாது. ஒன்பது வயதில் தெரியும். அந்த வயதுக்குள் பிள்ளை ஆங்கிலத்தில் துப்பறியும் கதைகளை ஒரே மூச்சில் படித்து முடிக்கப் பழகியிருக்கும். அதனிடம் போய் "அணில், ஆடு, இலை" என்று நீட்டினால் ஏன் தொடப்போகிறது? அதன் மூளை கேட்கும் கதை ஓரிடத்தில் இருக்கிறது, கண்ணால் வாசிக்க முடிகிற தமிழ் வேறோரிடத்தில் இருக்கிறது. இந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலும். அதற்குப் பிறகு தமிழ் நேரம் என்றாலே வீட்டில் சண்டைதான்.

எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனின் அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றலானது. அம்மாவும் வேலைக்குப் போக வேண்டிய நிலை. பையனை ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். தமிழில் ஒரு வரி வாசிக்க வராது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மாலையில் பாட்டியிடம் தொலைபேசியில் பாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போய், வகுப்பில் புத்தகத்தைப் பிடித்தபடி வாசிப்பதுபோல ஒப்பித்திருக்கிறான். சில வாரங்கள் ஓடியிருக்கிறது. ஒருநாள் ஆசிரியர் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லை விரலால் காட்டிக் கேட்டதும் மாட்டிக்கொண்டான். அவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளை அது. அந்த உழைப்பில் பாதியை இரண்டு ஆண்டு முன்னால் எழுத்துகளில் போட்டிருந்தால் இந்த ஒளிவுமறைவே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் அவன் பள்ளிக்குக் கிளம்ப மறுத்ததும், அம்மா அரை நாள் விடுப்பு எடுத்து எடுத்து உட்கார்ந்ததும் தனிக் கதை.

திரும்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் தமிழிலிருந்து தப்பிக்க வழியில்லை, தப்பிக்கவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மேலே சொன்ன எட்டாம் வகுப்புத் தனித்தேர்விலும் தமிழ்த் தாள் உண்டு. பள்ளிக்கே போகாமல் வீட்டிலேயே தொடர்ந்தாலும், சொந்த ஊரில் பஸ் போர்டைப் படிக்க இன்னொருவரைக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, பேசத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்க ஏன் தானாக வருவதில்லை? நாம் பேசும் தமிழும் அச்சில் இருக்கும் தமிழும் வேறு வேறு. வீட்டில் "அவன் வந்துட்டான்" என்கிறோம், புத்தகத்தில் "அவன் வந்துவிட்டான்" என்று இருக்கிறது. "வீட்ல இருக்கு" என்பது அங்கே "வீட்டில் இருக்கிறது". யாரும் வாசித்துக் காட்டாத பிள்ளையின் காதில் அந்தத் தமிழ் விழுந்ததே இல்லை. எழுத்துக் கூட்டி முடித்த பிறகும் "இது என்ன பாஷை?" என்று விழிக்கும். அதனால் எழுத்துக்கு முன்னால் காது. முதல் மாதத்திலிருந்து தினமும் பதினைந்து நிமிடம் ஒரு தமிழ்க் கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்று வாசிக்கும்போதே பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லாதீர்கள். பலரும் நல்லெண்ணத்தில் செய்வது இது, காரியத்தைக் கெடுப்பதும் இதுதான். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்குங்கள், பிறகு மறுபடி அச்சில் உள்ளபடி வாசியுங்கள்.

அடுத்தது ஒலி. ஃபோனிக்ஸில் ஊறிய பிள்ளை ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று எதிர்பார்க்கும். கடல், மகன், தங்கம் மூன்றிலும் ஒரே 'க'தான், மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லித் தர உட்காராதீர்கள். சொல்லைக் கூட்டி வாசிக்கவிட்டு, "இது என்ன வார்த்தை, சொல்லு?" என்று கேளுங்கள். தமிழ் பேசும் பிள்ளை ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் பேசுவதன் பலன் கிடைப்பது இந்த இடத்தில்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுபவர்கள் வாசித்துக் காட்டும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், மற்றபடி வழி ஒன்றே.

அப்புறம் அந்த 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று அட்டையைப் பார்த்துப் பெற்றோரே மலைத்துப் போகிறார்கள். க, கா, கி, கீ என்று நோட்டு நோட்டாக எழுத வைக்கிறார்கள். பதினெட்டு எழுத்தும் அவற்றோடு சேரும் குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி வாசித்துவிடலாம். தனிப் பழக்கம் வேண்டியது உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளுக்குத்தான். அவையும் குடும்பம் குடும்பமாக வரும்: து, நு, று, னு ஒரு வகை, டு, மு, ரு, ளு ஒரு வகை, பு, யு, வு ஒரு வகை, கு மட்டும் தனி. கெ, கே, கை வரிசைகளில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகிய பிள்ளை அங்கே தடுமாறும். அவசரப்படுத்தாமல் அந்த வரிசைகளைக் கடைசியில் வையுங்கள்.

'அ'வில் தொடங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. சின்னக் கைக்கு 'அ'வும் 'இ'யும் 'ஐ'யும் எழுதக் கடினமான வடிவங்கள். ட, ப, ம மூன்றும் நேர்க்கோடும் மூலையும் எளிய வளைவும்தான். இவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், டப்பா, மாமா, பாப்பா. முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடுகிறது. அந்த முகத்தைப் பார்த்த அம்மா அப்பா யாரும் மறுபடி எழுத்து அட்டைக்குத் திரும்புவதில்லை. ண, ந, ன குழப்பம் வரும்போது நம் வாத்தியார்கள் சொல்லும் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் போதும். வண்டு, பந்து, கன்று என்று அடுத்து வரும் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

புத்தகத்துக்குச் செலவே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாத் தமிழ்ப் பாடநூல்களும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் படக்கதைகள் நிலை நிலையாகப் பிரித்துத் தமிழிலும் இருக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளையின் பெயரில் உறுப்பினராகச் சேருங்கள்.

ஏற்கெனவே ஒன்பது வயதாகிவிட்டதா? அப்போது குட்டிப் பாடல் புத்தகங்களை ஒதுக்கிவிடுங்கள். பிள்ளைக்கு எதில் பைத்தியமோ அதை எடுங்கள். கிரிக்கெட் என்றால் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத் தலைப்புகள், சமையல் என்றால் நீங்கள் கையால் எழுதித் தரும் ரசப்பொடிக் குறிப்பு, ஊர் சுற்றுவது என்றால் பேருந்து நிலையத்தின் பெயர்ப்பலகைகள். ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும். அது வாசிக்க விரும்பும் சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தா பாட்டியை எதிரணியில் வைப்பது

"ஸ்கூலுக்கு அனுப்பாம பிள்ளையைக் கெடுக்கறீங்க" என்று மாமியார் சொன்னால் விவாதம் வளரும், முடியாது. அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டுவது, வாரம் ஒரு கடிதம் எழுதிப் பிள்ளைக்குத் தருவது. ஊரில் இருந்தால் தபாலில் அனுப்பட்டும். பிள்ளை படிப்பதைக் கண்ணால் பார்க்கும் பாட்டி, உறவினர்கள் கேட்கும்போது உங்களுக்காகப் பேசுவார்.

கணக்கை ஆப்பிடம் விடுவது

மூன்றாம் நிலை முடித்துவிட்டதாகப் பதக்கம் காட்டும். 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கடை வாசலில் வைத்துக் கேளுங்கள். அங்கே தெரிந்துவிடும்.

அபாகஸ், கீபோர்டு, செஸ், சிலம்பம், ரோபோட்டிக்ஸ்

ஏதாவது ஒன்று.

எழுதி வைக்காமல் விடுவது

ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, அன்று பிள்ளை என்ன வாசித்தது, என்ன கேட்டது, எங்கே திணறியது என்று மூன்று வரி எழுதுங்கள். பிள்ளை எழுதிய தாள்களில் மாதத்துக்கு ஒன்றை அதே நோட்டில் ஒட்டுங்கள், நன்றாக வந்த தாளை மட்டும் தேர்ந்தெடுக்காமல். பிப்ரவரி வாக்கில் "ஒண்ணுமே நடக்கலையே" என்று பயம் வரும், எல்லா வீட்டிலும் வரும். அப்போது ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பள்ளியில் சேர்க்கும் நிலை வந்தால் தலைமையாசிரியரிடம் காட்டவும் இதே நோட்டுதான்.