லேப்டாப் வாங்கிய முதல் வருடம்: கல்லூரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இதே மாதிரி ஒரு கல்லூரியில், இதே மாதிரி ஒரு ஹாஸ்டலில் இருந்து படித்தவன். அப்போது நாங்கள் செய்த தவறுகளை இப்போது வரும் பிள்ளைகள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, லேப்டாப்பை மெஸ்ஸில் விட்டுவிட்டு வராதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டரில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகள் அந்த ஆர்வத்தாலேயே போய் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹாஸ்டல் சுவரில் சொந்த ரவுட்டர்

அறையில் வை-ஃபை சிக்னல் சரியாக வராது. சுவரில் லேன் சாக்கெட் இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகிவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். செருகும் இடத்தில்தான் பிசகு நடக்கிறது.

ரவுட்டரின் பின்னால், வெளியிலிருந்து நெட் உள்ளே வருவதற்கான வேன் (WAN) போர்ட் ஒன்று தனி நிறத்தில் இருக்கும். லேன் போர்ட்கள் மூன்று நான்கு இருக்கும். சுவரில் இருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் செருகிவிட்டால், அந்த ரவுட்டர் அறைக்கு மட்டுமில்லாமல் மாடி முழுவதற்கும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒரு கருவி நெட்வொர்க்கில் சேரும்போது, எனக்கு முகவரி யார் தருகிறீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கும். பெரும்பாலும் முதலில் பதில் சொல்பவரிடமே வாங்கிக்கொள்ளும். பக்கத்து அறை ரவுட்டர் கல்லூரி சர்வரை விடக் கிட்டத்தில் இருப்பதால் அது முந்திவிடும். அப்புறம் அந்த மாடியில் பல பேர் 192.168 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியை வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒவ்வொரு ஸ்விட்ச்சாகக் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேட் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒரு மாடி முழுக்க இப்படி முடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி முகவரி கொடுக்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஸ்விட்ச்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியைப் போட்டு வைத்தால் இதைத் தடுக்கலாம். எல்லா ஹாஸ்டலிலும் அது இருக்காது. முதலில் அனுமதி கேளுங்கள். கிடைத்தால் வேன் போர்ட்டில் செருகுங்கள், அல்லது வை-ஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைத்து டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். சேனலையும் பாருங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாது.

ரெகவரி கீயைப் பார்க்காமல் டூயல் பூட்

இதைப் பற்றி நீளமாகவே எழுதப் போகிறேன். இதில் போனது திரும்ப வராது.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் டூயல் பூட். லினக்ஸ் கற்றுக்கொள்ள நினைப்பது நல்ல ஆசை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு, பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்த ஆர்வத்தில் இந்தத் துறைக்கு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அந்தக் காலத்து மெஷின் பூட் ஆகாமல் போனால்கூட, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஃபைல்களை எடுத்துவிடலாம். இன்று வாங்கும் விண்டோஸ் 11 லேப்டாப்பில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது.

புது லேப்டாப்பை ஆன் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும், பெரும்பாலான மாடல்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. ஹோம் எடிஷனில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர்தான். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் இதற்கான ஹார்டுவேர் நிபந்தனைகளைத் தளர்த்தியதால், முன்பு இதில் வராத மாடல்கள் பலவும் இப்போது வந்துவிட்டன. பஸ்ஸில் லேப்டாப் திருடு போனால் இது உங்களைக் காப்பாற்றும். ஆனால் இப்படி ஒன்று நடந்திருப்பதே நிறையப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

டிஸ்க்கைத் திறப்பதற்கான சாவியை டிபிஎம் என்ற சில்லு காத்துவைத்திருக்கும். மெஷின் வழக்கமான முறையில் கிளம்பினால் அது சாவியைக் கொடுக்கும். நீங்கள் பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்பும் முன்பே வரும் மெஷினின் செட்டிங்ஸ்) போய், நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட்டை அணைத்தால் வழக்கம் மாறிவிட்டது என்று சில்லுக்குத் தெரிந்துவிடும், சாவியைத் தராது. நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். மாற்றியதைப் பழையபடி வைத்தும் திறக்காமல், சரியான கீயும் இல்லாவிட்டால் கடைக்காரராலும் முடியாது, லேப் ஆளாலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

இப்போது யூட்யூபில் டூயல் பூட் என்று தேடிப் பாருங்கள். எத்தனையோ வீடியோக்களில் முதல் வேலையே "பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க" என்பதுதான். கீயை எடுத்து வைத்தீர்களா என்று ஒரு வார்த்தை இருக்காது. இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்த வேலையே தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா இரண்டையும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே நிறுவலாம். டெபியனிலும் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து முடியும். பத்து வருடத்துக்கு முந்தைய பழக்கத்தை ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதைப் பார்த்துச் சொல்ல, கடைசியில் ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளையின் டிஸ்க் போகிறது.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் அந்த நீலத் திரையோடு என்னிடம் வந்தார். எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாய் என்று கேட்டேன். தெரியவில்லை. லேப்டாப்பை அப்பா இஎம்ஐயில் வாங்கியிருக்கிறார். கடையிலேயே எல்லாம் செட் செய்து கொடுத்துவிட்டார்கள். கடைப் பையன் அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டிருக்கிறான். ரெகவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. கடைக்குப் போன் செய்தோம். என்ன ஐடி போட்டோம் என்று அவர்களுக்கே நினைவில்லை, எழுதி வைக்கவும் இல்லை. கோடில் ஒரு பகுதி மட்டும் டீம்மேட்டின் வாட்ஸ்அப்பில் கிடந்தது. மற்றதெல்லாம் போய்விட்டது, இரண்டு வருட ஃபோட்டோக்களும் சேர்த்து. அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி: "சார், என் லேப்டாப்பை நானே எப்படி சார் திறக்க முடியாமல் போகும்?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விற்றவர் சொல்லியிருக்க வேண்டும், வீடியோ போட்டவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே லினக்ஸை நிறுவுவதற்கான பென் டிரைவை (லைவ் யூஎஸ்பி) தயாரிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், எந்த மெயில் ஐடி இருக்கிறது என்று பாருங்கள். அது உங்களுடையது இல்லையென்றால் இன்றே உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து ரெகவரி கீயைக் கண்ணால் பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். அங்கே இல்லையென்றால் கல்லூரி ஐடியில் ஆஃபீஸ் போட்டபோது அந்தக் கணக்குக்குப் போயிருக்கலாம், அங்கேயும் தேடுங்கள். கீயை அதே லேப்டாப்பில் டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிப்பது வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போட்டுவிடுவது போல. தாள்தான் சரி.

அப்புறம், லினக்ஸை நிறுவுவதற்காக டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள். டிஸ்க் முழுவதும் டிகிரிப்ட் ஆகக் கொஞ்ச நேரம் ஆகும், சார்ஜரில் போட்டுக் காத்திருங்கள். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் உபுண்டு இன்ஸ்டாலரின் பல பதிப்புகள் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவ விடாது. இங்கேதான் இன்னொரு பள்ளம்: வேறு வழி இல்லை என்று நினைத்து, திரையில் மிச்சமிருக்கும் "இரேஸ் டிஸ்க்" என்பதை அழுத்திவிடுகிறார்கள். அது மொத்த டிஸ்க்கையும் துடைத்துவிடும். இன்ஸ்டாலரை மூடிவிட்டு, விண்டோஸுக்குத் திரும்பி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி இடம் விட்டு, பிறகு வாருங்கள். விண்டோஸை முழுதாக மூடாமல் வைத்து வேகமாகத் திறக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸில் இருந்து விண்டோஸ் பார்டிஷனில் எழுத முடியாமல் போகும்.

ஏற்கெனவே நீலத் திரையில் நிற்கிறீர்களா? பதறி ரீசெட் கொடுக்காதீர்கள். பயாஸில் எதை மாற்றினீர்களோ அதைப் பழையபடி வையுங்கள். செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்ததும் கீ கேட்காமலே விண்டோஸ் திறந்துகொண்ட மெஷின்கள் நிறைய உண்டு. ஆனால் "கிளியர் டிபிஎம்" என்று எங்கேயாவது கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சில்லில் இருக்கும் சாவியும் அழிந்துவிடும். திரையில் ரெகவரி கீ ஐடி என்று எட்டு எழுத்துகள் தெரியும். கணக்கில் இருக்கும் எந்தக் கீ உங்களுடையது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி: உங்களுக்கு டூயல் பூட் வேண்டுமா? சி, பைத்தான், ஷெல் ஸ்கிரிப்ட் லேப் பயிற்சிகளுக்கு விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் போதும். ஒரே கட்டளையில் உபுண்டு வந்துவிடும், டிஸ்க்கில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. லினக்ஸின் உட்கருவான கெர்னலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், லினக்ஸையே அன்றாடம் பயன்படுத்த வேண்டும் என்று நிற்பவர்களுக்கு டூயல் பூட் சரி. அவர்களுக்கு என் முழு ஆதரவும் உண்டு. தனியாக முயல வேண்டாம் என்றால் சென்னையில் இந்தியன் லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தில் க்னூ/லினக்ஸ் பயனர் குழு என்று இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் பயப்படாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரு செட்டிங்கை மாற்றினால் சரியாகிவிடும். ஆன்லைன் டெஸ்டுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

சீனியர் கொடுத்த கிராக்

லைசென்ஸைத் தாண்டிப் போகும் திருட்டு மென்பொருள் வேண்டாம். ஆட்டோகேடும் ஜெட்பிரெயின்ஸ் மென்பொருள்களும் மாணவர்களுக்கு இலவசம். மேட்லாப் இல்லாத இடத்தில், அதே மாதிரிக் கணக்குகளுக்கு ஆக்டேவ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஒரே பென் டிரைவில் மொத்த ப்ராஜெக்ட்

இன்றைக்கே இன்னொரு இடத்தில் ஒரு நகல் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் கல்லூரி மெயில் ஐடி

கல்லூரி கொடுக்கும் மெயில் ஐடி கல்லூரியுடையது. முன்பு கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத சேமிப்பு இடம் கொடுத்தது. 2022-இல் அதை நிறுத்தி, ஒரு நிறுவனம் முழுவதற்கும் பொதுவாக 100 டெராபைட் என்று வைத்துவிட்டது. இடத்தை மிச்சப்படுத்த வேண்டிய கல்லூரி முதலில் கை வைப்பது படித்து முடித்தவர்களின் கணக்குகளில்தான். கான்வகேஷனுக்கு வரும்போது "சார், டிரைவ் திறக்க மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். அதற்குள் கணக்கே போயிருக்கும்.

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்கைச் சொந்த மெயிலில் தொடங்குங்கள். கல்லூரி ஐடியை இரண்டாவது மெயிலாகச் சேர்த்தாலே மாணவர் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பிளேஸ்மென்ட் ரெஸ்யூமேயிலும் சொந்த மெயிலையே போடுங்கள். ஆஃபர் லெட்டருக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில் இழுப்பதுண்டு, அந்த இடைவெளியில் ஐடி மூடப்பட்டால் ஜாயினிங் மெயில் யாருக்கும் போய்ச் சேராது. இறுதியாண்டில் இருப்பவர்கள் கூகுளின் டேக்அவுட் வசதி மூலம் டிரைவில் இருப்பதைக் கடைசி செமஸ்டர் முடிவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி.யை நம்பி ஹாக்கத்தான்

ஹாக்கத்தான் போங்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு பிரச்சினையோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுவதில் கற்பது வகுப்பில் கிடைக்காது. ஆனால் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், வெளியே போன நாளையும் வந்ததாகக் கணக்கு வைக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) தானாக ஏறுவதில்லை. ஃபார்மில் ஆலோசகர் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து எல்லாம் போவதற்கு முன்பே வாங்க வேண்டும். வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பி, செமஸ்டர் கடைசியில் சர்டிஃபிகேட் ஃபைலோடு ஒவ்வொரு ஆசிரியராகச் சுற்றிக் கெஞ்சுகிறார்கள். லேப் வகுப்பைத் தவறவிட்டால் ஓ.டி. கிடைத்தாலும் அந்தப் பரிசோதனையை நீங்கள்தான் செய்து முடிக்க வேண்டும், ரெக்கார்டிலும் எழுத வேண்டும். எந்த நாளில் வந்து செய்யலாம் என்று லேப் பொறுப்பாளரிடம் போவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே கேட்ட யாருக்கும் நான் மெஷின் இல்லை என்று சொன்னதில்லை.