கத்திரி வெயிலில் புல்தரை கருகாமல் காப்பது எப்படி?

மதுரையில் எங்கள் வீட்டு முன்னால் 400 சதுர அடிக்குப் புல்தரை. செம்மண், முழு வெயில், போர் தண்ணீர். புல் போட்ட முதல் வருஷம், கத்திரி பிறந்து பத்தே நாளில் பாதித் தரை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் தினமும் சாயங்காலம் தவறாமல் தண்ணீர் தெளித்தேன். அதற்கப்புறம் இரண்டு கோடை தாண்டிவிட்டது, புல் பச்சையாகவே நிற்கிறது. நான் மாற்றியதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இடத்துக்கு ஏற்ற புல்லா என்று பாருங்கள்

நாள் முழுக்க வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல் வகைதான் என் தேர்வு. நர்சரியில் பெர்முடா என்று கேட்டால் கொடுப்பார்கள். ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் மர நிழலில் அது மெலிந்து போகும். எங்கள் வேப்பமரத்தடியில் மட்டும் அகல இலை எருமைப்புல் போட்டிருக்கிறோம்.

படி 2: தண்ணீர்

நான் தவறியது இங்கேதான். புல் வாட ஆரம்பித்த ஒரு நாள், தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் கரண்டியால் ஓர் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். மேலே ஒரு விரல்கடை ஈரம், அதற்குக் கீழே புழுதி. வேரெல்லாம் அந்த ஒரு விரல்கடைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. மேல்மண் சூடேறும்போது வேரும் சேர்ந்து வெந்துவிடுகிறது. ஈரம் ஆழத்தில் இருந்தால்தான் வேர் கீழே இறங்கும்.

அதனால் தினமும் கொஞ்சம் என்பதை விட்டுவிட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை நிறைய விடுங்கள். ஒரு தடவைக்கு 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். 400 சதுர அடி சுமார் 37 சதுர மீட்டர், ஆக ஏறக்குறைய 555 லிட்டர். 15 லிட்டர் வாளியை ஹோஸில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் உங்களுக்கு 37 நிமிஷம் ஆகும். ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் தரையில் நாலைந்து டிபன் டப்பாவைப் பரப்பி, அடியில் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்தால் போதும்.

இப்படி விட்டபோது பத்தாவது நிமிஷத்திலேயே தண்ணீர் வாசலுக்கு ஓடியது. மண் அவ்வளவு இறுகிப் போயிருந்தது. கட்டடக் கம்பித் துண்டால் சாணுக்கு ஒரு துளை, நாலு அங்குல ஆழத்தில் குத்தி, மணலும் சலித்த தொழுவுரமும் கலந்து நிரப்பினேன். தண்ணீரையும் பாதி விட்டு, அரை மணி நேரம் கழித்து மீதியை விட்டேன். அதன்பிறகு ஓடவில்லை.

நேரம்: விடிவதற்கு முன். வெயிலில் விட்டால் ஒரு பகுதி ஆவியாகும், ராத்திரி முழுக்க இலை ஈரமாக நின்றால் பூஞ்சை வரும். மறுநாள் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஐந்தாறு அங்குலம் வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரி. புல்லில் நடந்த காலடித் தடம் உடனே நிமிராமல் கிடந்தாலோ, பச்சையில் சாம்பல் நிறம் ஏறினாலோ மூன்று நாள் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

படி 3: வெட்டு

கோடையில் ஒட்ட வெட்டாதீர்கள். இரண்டு விரல் கனமாவது நிற்கட்டும். புல்லின் நிழல்தான் மண்ணைக் காக்கிறது. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். சின்ன தரைக்குக் கையால் தள்ளும் உருளை மெஷினே நல்லது, கத்தரித்த மாதிரி வெட்டும். பிளேடு மழுங்கினால் நுனி கிழிந்து, மறுநாள் தரை முழுக்க வெள்ளையாகத் தெரியும். சாணை பிடித்துவிடுங்கள்.

படி 4: உரம்

தரை காய்ந்து கிடக்கும்போது யூரியா போடவே வேண்டாம், கருகிவிடும். ஒரு நல்ல மழை பெய்தபின், சதுர மீட்டருக்கு 10 கிராம் கணக்கில் மணலில் கலந்து, இலை உலர்ந்திருக்கும்போது விசிறுங்கள். உடனே தண்ணீர் விடுங்கள்.

படி 5: சுற்றியுள்ள செடிகள்

செம்பருத்தி, அரளி, காகிதப்பூ எல்லாவற்றின் அடியிலும் காய்ந்த இலையையோ கரும்புச் சோகையையோ மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் ஹோஸை அழுத்திப் பிடித்து அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

பின்சேர்க்கை 1: “சொன்னபடியே விட்டும் புல் நுனி கருகுகிறது, மண்ணில் வெள்ளைப் பொருக்கு படிகிறது” என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது போர் தண்ணீரின் உப்பு. அடிக்கடி கொஞ்சமாக விட்டால் உப்பு மேலேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறை வழக்கத்தைவிட இரண்டு பங்கு விட்டால் கீழே இறங்கும், மழை பெய்தால் இன்னும் நல்லது. உப்புக்கு மருந்தென்று ஜிப்சம் போடுவதற்கு முன் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். எல்லா உப்பு மண்ணுக்கும் ஜிப்சம் மருந்தல்ல.

பின்சேர்க்கை 2: இட்லிப்பூச் செடியின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். அடியில் சிமெண்ட் தரை இருந்தால் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், துருக்கறை பிடித்தால் போகாது.